கஹூட்டில் முதலிடம், இன்டர்னலில் பாதி மார்க்: பதில்

வணக்கம். வகுப்பில் கஹூட் (கைபேசியில் விடையைத் தட்டும் இணைய வினாடி வினா விளையாட்டு) ஜெயிக்கிறவர்களே இன்டர்னல் தேர்வில் சறுக்குகிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கோளாறு மாணவர்களிடம் இல்லை, புள்ளிக் கணக்கில்தான்.

சரியான விடைக்கு வழக்கமாக அதிகபட்சம் 1000 புள்ளி. விடை தர எடுத்த நேரத்தைக் கஹூட் அந்தக் கேள்விக்கான மொத்த நேரத்தால் வகுத்து, அதில் பாதியை 1இலிருந்து கழித்து, 1000ஆல் பெருக்குகிறது. 20 விநாடிக் கேள்வியில் 2ஆம் விநாடியில் தட்டினால் 950, நிதானமாக யோசித்து 18ஆம் விநாடியில் தட்டினால் 550. பத்துக் கேள்விகளில் அவசரக்காரர் ஏழு மட்டும் சரி: 6650. நிதானமாகப் பத்தும் சரியாகப் போட்டவருக்கு 5500! (போனஸ் எதையும் இதில் சேர்க்கவில்லை.)

எனவே கஹூட்டின் தரவரிசைப் பட்டியலை மார்க்குக்கு எடுக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் அறிக்கையை எக்செல்லாக இறக்கி, சரியான விடைகளின் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். பட்டப்பெயருக்குப் பதில் ரோல் நம்பரைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'தல', 'மாஸ்' எல்லாம் யார் என்று தேடியே பொழுது போய்விடும். கணக்குப் போட வேண்டிய கேள்விக்கு 20 விநாடி அநியாயம், 240 வரை வைக்கலாம்.

கேள்வியே சரியா என்று சோதிக்க அதை மூடுல் (இணையவழிக் கற்றல் தளம்) வினாடி வினாவில் ஏற்றி, மாணவர்களை எழுதவைத்து, புள்ளியியல் அறிக்கையில் பாகுபாட்டுக் குறியீட்டைப் பாருங்கள்; நன்றாகப் படிப்பவர்களை மற்றவர்களிடமிருந்து அந்தக் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு அது. எதிர்மறையாக வந்தால் நன்றாகப் படிப்பவர்களே அதில் தவறுகிறார்கள் என்று பொருள். முதலில் உங்கள் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள்.