சுரண்டித் திருத்திய பத்திரம் செல்லுமா?

கேள்வி: 1961இல் தாத்தா என் தந்தைக்குப் பதிவு செய்து கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தில் சர்வே எண் சுரண்டித் திருத்தப்பட்டிருக்கிறது. பத்திரமே செல்லாது என்கிறார் சித்தப்பா. சாமுவேல் வாரன் எழுதிய 'டென் தவுசண்ட் எ இயர்' நாவலில் இத்தகைய சுரண்டலால் ஒரு குடும்பம் சொத்தையே இழப்பதைப் படித்ததும் அச்சம் கூடிவிட்டது.

பதில்: அந்த நாவல் 1839 முதல் 1841 வரை 'பிளாக்வுட்ஸ்' இதழில் தொடராக வந்தது. துணிக்கடைச் சிப்பந்தியான டிட்மவுஸ், ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானமுள்ள யாட்டன் எஸ்டேட்டைக் கோரி வழக்காடுகிறான். ஆப்ரே குடும்பத்தார் நம்பியிருந்த பத்திரத்தின் முக்கியமான இடத்தில் சுரண்டல் இருப்பதைக் கண்ட நீதிபதி அதைச் சான்றாக ஏற்க மறுத்துவிடுகிறார். வாரன் தாமே பாரிஸ்டர் என்பதால் இதைப் படிப்பவர் அப்படியே நம்பிவிடுவது இயல்புதான். ஆனால் பத்தே ஆண்டுகளில், 1851இல், டோ எதிர் கேட்டமோர் வழக்கில் ஆங்கில நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது: பத்திரத்தில் காணும் திருத்தம், மாறான சான்று இல்லாதவரை, கையெழுத்துக்கு முன்பே செய்யப்பட்டதாகக் கொள்ளப்படும். பிறகு திருத்துவது மோசடியாகும், மோசடியை நீதிமன்றம் தானாக ஊகிக்காது என்பதே காரணம். உயிலுக்கு மட்டும் இந்த அனுமானம் தலைகீழ்.

உங்களுக்கு இதைவிட உறுதியான பிடிமானம் உண்டு. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் கையொப்பமோ சுருக்கொப்பமோ இட்டு ஒப்புக்கொள்ளாத அடித்தல் திருத்தல் உள்ள ஆவணத்தைப் பதிவு அலுவலர் மறுக்கலாம். ஏற்றுப் பதிந்தால், அந்தத் திருத்தத்தைப் பதிவேட்டிலேயே குறிக்க வேண்டும். ஆகவே சுரண்டிய இடத்தின் ஓரத்தில் தாத்தாவின் சுருக்கொப்பம் இருக்கிறதா, பத்திரத்தின் கடைசியில் திருத்தக் குறிப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். பின்னர் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்யுங்கள். நகலிலும் அதே எண் இருந்தால், பதிவுக்குப் பிறகு எவரோ திருத்தினார் என்ற சித்தப்பாவின் வாதம் எடுபடாது.

நகலில் வேறு எண் இருந்தால் நிலைமை கடினம்தான். அப்போதும் பத்திரத்தில் சொல்லப்பட்ட நான்கு எல்லைகள் நிலத்தோடு பொருந்தினால் அவற்றுக்கே நீதிமன்றங்கள் பொதுவாக அதிக மதிப்பளிக்கின்றன. பட்டா, வரி ரசீதுகளையும் திரட்டிக்கொண்டு உரிமையியல் வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

மையை மீண்டும் தீட்டுவதோ, பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் செய்வதோ வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்தால் சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்திருப்பதும் மை பரவியிருப்பதும் தெரியும். நிபுணர் ஆராய வேண்டியது அதைத்தான். நகல் கைக்கு வரும்வரை சித்தப்பா நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.