பத்தாவது கல்

கேள்வி: இங்கிலாந்தில் ஸ்டான்டன் மூர் என்ற மேட்டுநிலத்தில், ஞாயிற்றுக்கிழமை நடனமாடிய ஒன்பது பெண்கள் கல்லாகிவிட்டார்களாமே, உண்மையா?

பதில்: ஒன்பது என்று யார் சொன்னது? டெர்பிஷையரில் உள்ள அந்தக் கல்வட்டத்தின் பெயர்தான் ‘நைன் லேடீஸ்’. கற்கள் பத்து. 1976 கோடை வறட்சியில் புல் காய்ந்து நிறம் மாறியபோது, படுத்த வாக்கில் புதைந்திருந்த பத்தாவது கல் தெரியவந்தது. பெயரை நம்பி எண்ணாமல் விடுகிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. போகிறவர்கள் நிற்கும் கற்களோடு தரையையும் பார்த்து எண்ணுங்கள்.

கதைக்கு வருகிறேன். வட்டம் வெண்கலக் காலத்தது. ஞாயிறு ஆடக் கூடாது என்ற கண்டிப்போ கிறிஸ்தவம் வந்த பிறகு பிறந்தது. கார்ன்வாலில் ‘ஹர்லர்ஸ்’ வட்டங்களுக்கும் இதே கதைதான். அங்கே ஞாயிறன்று பந்து விளையாடிய ஆண்கள் கல்லானார்கள். இங்கே சுமார் 40 மீட்டர் தள்ளி ஒரு கல் தனியாக நிற்கிறது. பெயர் ‘கிங் ஸ்டோன்’. கதைக்காரர்கள் அதைப் பிடில் வாசித்தவன் ஆக்கிவிட்டார்கள். பழங்காலக் கெல்டிய மக்களின் ட்ரூயிட் பூசாரிகள் கட்டினார்கள் என்பதும் தவறு. அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகளுக்கும் இந்த வட்டத்துக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி.

எனக்குக் கவலை கதையைப் பற்றி அல்ல, கல்லைப் பற்றி. வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய 11 மீட்டர். ஒரு கல்லும் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டாது. எல்லாம் மாவரைக்கும் திரிகைகள் செய்த அதே கரடு மணற்கல். அதன் அருகே நெருப்பு மூட்டினால் மேற்பரப்பு சூடேறி விரியும், உள்ளே குளிர்ந்தே இருக்கும்; மேல்தோல் பொருக்காகக் கழன்றுவிடும். போன சில்லு திரும்பாது. காலடியும் கெடுதல்தான். கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தால் புல் சாகும், மழை மண்ணை அரிக்கும், பள்ளத்தில் நீர் தேங்கும். குட்டைக் கல்லுக்கு மண்ணுக்குள் பிடிப்பும் குறைவு, மெல்லச் சாயும். பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பி, புல்தரைத் துண்டுகளைப் பதித்து, வேர் பிடிக்கும்வரை ஆளை விடாமல் இருக்க வேண்டும். சிமெண்ட் வேண்டவே வேண்டாம்: அது மணற்கல்லைவிடக் கடினம், ஈரத்தையும் உள்ளே அடைத்துவிடும்.

பக்கத்து ‘டால் டோர்’ வட்டத்தை 1993-இல் யாரோ தாங்களாகவே ‘சீரமைத்தார்கள்’. வெளியிலிருந்து கல் கொண்டுவந்து சேர்த்தார்கள். தொல்லியலாளர்கள் அவற்றை அகற்றிப் பழைய வடிவுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1882-ஆம் ஆண்டின் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலிலேயே நைன் லேடீஸ் இருக்கிறது. அங்கே போனால் கல்மேல் ஏறாதீர்கள், பத்தாவது கல்லை மிதிக்காதீர்கள்.