கணக்குப்பிள்ளை பதில்கள்: கிடங்கில் தூங்கும் லாபம்

கேள்வி: என் கொழுந்தனார் கொழிஞ்சாம்பாறையில் பிஸ்கட், குளிர்பானம், பாக்கெட் பால் இவற்றை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குப் போடும் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்துகிறார். நகையை விற்று 5 லட்ச ரூபாய்க்கு அதில் பங்கு வாங்கினேன். செப்டம்பரில் வீட்டுத் திண்ணையிலேயே ஆண்டுக் கூட்டம் நடந்தது. வடையும் டீயும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். விற்பனை 18 கோடியிலிருந்து 21 கோடியே 60 லட்சமாக ஏறிவிட்டதாம். ஆனால் ஈவுத்தொகை கிடையாதாம். வங்கிக்குக் கொடுத்த தாளிலோ விற்பனை 25 கோடி என்று இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கணக்கு நகலை இணைத்திருக்கிறேன். என்னை ஏமாற்றுகிறார்களா?
— வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: அம்மா, நகலின் இரண்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை வட்டமாக இருக்கிறது. வடைத் தட்டை அதன் மேல்தான் வைத்திருக்கிறார்கள். கறை விழுந்த இடம் பார்த்து விழுந்திருக்கிறது: சரக்கு இருப்பு, வர வேண்டிய பாக்கி, இரண்டும் அதற்கு அடியில். வெளிச்சத்தில் பிடித்துத்தான் படித்தேன்.

முதலில் அந்த 25 கோடி. நிறுவனம் பொள்ளாச்சியில் புதிதாக ஒரு கிடங்கு திறந்திருப்பதாகக் குறிப்பில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையில் மாநில எல்லை போகிறது. முதலாளி ஒருவரே, நிறுவனமும் ஒன்றே. ஆனாலும் ஜிஎஸ்டி பதிவு இரண்டு வேண்டும். கேரளப் பதிவெண் 32இல் தொடங்கும், தமிழ்நாட்டுப் பதிவெண் 33இல் தொடங்கும். நம் கிடங்கிலிருந்து நம் கிடங்குக்கே சரக்கு போனாலும், எல்லை தாண்டினால் பில் போட்டு வரி கட்டியாக வேண்டும். ஜிஎஸ்டி கணக்கில் அதுவும் விற்பனையாகவே ஏறும். லாப நட்டக் கணக்கில் ஏறாது. வலக்கைப் பணத்தை இடக்கைக்கு மாற்றினால் அது வருமானம் இல்லையே. உங்கள் தாளில் வித்தியாசம் 3 கோடியே 40 லட்சம். பொள்ளாச்சிக்கு அனுப்பிய சரக்கும் ஏறக்குறைய அதுதான். ஆக இரண்டு எண்ணும் பொய் இல்லை.

ஆனால் வங்கிக்கு எந்த எண்ணைக் காட்டினார் என்பதை விட்டுவிட முடியாது. சிறு தொழில்களுக்கு எதிர்பார்க்கும் விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு என்று கடன் வரம்பு பார்ப்பது வங்கிகளின் பழைய வழக்கம். 3.40 கோடி கூடுதலாகத் தெரிந்தால் வரம்பு 68 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும். கொழுந்தனார் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள்.

இனி லாபம். மொத்த லாபம், அதாவது விற்ற விலையில் சரக்கு வாங்கிய விலை போக மிஞ்சுவது, போன ஆண்டு 1 கோடியே 8 லட்சம்; நூற்றுக்கு 6 ரூபாய். இந்த ஆண்டு 1 கோடியே 18 லட்சத்து 80 ஆயிரம். நூற்றுக்கு ஐந்தரை ரூபாய். விற்பனை இருபது சதவீதம் ஏறியும் கையில் கூடுதலாக விழுந்தது 10 லட்சத்து 80 ஆயிரம்தான். அதிலும் 6 லட்சத்தை வங்கி வட்டி கொண்டுபோய்விட்டது. மீதியில் பெரும்பகுதியை டீசலும் சம்பளமும் பங்கு போட்டுக்கொண்டன. வரிக்குப் பிந்தைய நிகர லாபம் 18 லட்சம் இருந்தது, 19 லட்சம் ஆகியிருக்கிறது. நூறு ரூபாய்க்கு விற்றால் 88 காசு. வடைக்காரருக்கு இதைவிட நன்றாகக் கிடைக்கும்.

அந்த 19 லட்சமாவது எங்கே? இந்த அளவுச் சிறு நிறுவனம் ரொக்க ஓட்ட அறிக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. அதனால் தரவில்லை. நாமே போட்டுப் பார்ப்போம், நாலாம் வகுப்புக் கணக்குதான். சரக்கு இருப்பு 90 லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி: 60 லட்சம் உள்ளே போய்விட்டது. கடைகளில் நிற்கும் பாக்கி 1 கோடியே 5 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம்: இன்னொரு 75 லட்சம். கம்பெனிகளிடமிருந்து வர வேண்டிய கிளைம் 22 லட்சத்திலிருந்து 38 லட்சம்: 16 லட்சம். கூட்டினால் 1 கோடியே 51 லட்சம். இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? லாபம் 19 லட்சம், சரக்கு கொடுத்தவர்களிடம் கூடுதலாக நிறுத்திவைத்த பாக்கி 17 லட்சம், ஓவர்டிராஃப்ட் (வரம்புக்குள் வேண்டும்போது எடுக்கும் வங்கிக் கடன்) 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 75 லட்சமாக ஏறியதில் 115 லட்சம். அதையும் கூட்டிப் பாருங்கள், 151 வரும். (தேய்மானமும் புது வண்டியும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துவிட்டன, அவற்றை விடுங்கள்.) ஈவுத்தொகை கொடுத்திருந்தால் அதையும் வங்கியில் வாங்கித்தான் கொடுத்திருப்பார்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். மார்ச் 31 அன்று குளிர்பானக் கிடங்கு நிறைந்திருப்பது குற்றம் இல்லை. கோடை தொடங்கிவிட்டது, ஏப்ரல் நடுவில் விஷு வருகிறது. 2025இல் ரம்ஜான் பெருநாளே மார்ச் 31 அன்று வந்தது. பெருநாள் சரக்கு கடைகளில் இருக்கும், பணம் மறுவாரம்தான் வரும். ஆனாலும் இருப்பு 19 நாள் விற்பனைக்கு இருந்தது 27 நாளுக்கு ஏறியதும், பாக்கி 21 நாளிலிருந்து 30 நாளானதும் பெருநாளால் மட்டும் வந்தவை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆண்டு முடிவில் எண்ணைக் காட்டக் கடைக்காரர் தலையில் சரக்கைக் கட்டி, ஏப்ரலில் திருப்பி எடுக்கும் வேலை இந்தத் தொழிலில் நான் பார்க்காதது அல்ல. எழுதியும் இருக்கிறேன், இதே கையால்.

இருப்பு எண்ணுவதைப் பற்றி ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மார்ச் 31 இரவு டார்ச் விளக்கோடு பிஸ்கட் அடுக்கின் முன் நின்றேன். அகலத்தில் எட்டுப் பெட்டி, ஆழத்தில் ஐந்து, உயரத்தில் ஆறு. பெருக்கினேன், 240 என்று எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் லோடு ஏற்றிய பையன் ஓடிவந்து கூப்பிட்டான். ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் அடுக்கின் நடுவில் பள்ளம். சுவர் மட்டும்தான் பெட்டி. உள்ளே ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு வெற்றிலைப் பொட்டலம். முதலாளி கண்ணில் படாமல் தூங்குவதற்குக் காவல்காரர் கட்டிக்கொண்ட அறை அது. 72 பெட்டி இல்லை. அதற்குப் பிறகு ஏணி இல்லாமல் நான் இருப்பு எடுத்ததில்லை. உங்கள் தணிக்கையாளர் ஏணியில் ஏறினாரா என்று கேளுங்கள். அதோடு எந்தச் சரக்குக்கு எந்த மாதம் காலாவதி என்ற பட்டியலையும் கேளுங்கள். வாங்கிய விலை, விற்றால் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அந்த விலையில்தான் இருப்பைக் காட்ட வேண்டும். அடுத்த வாரம் காலாவதியாகும் மாம்பழச் சாறுக்கு என்ன விலை கிடைக்கும்?

கிளைம் 38 லட்சம்தான் என் வயிற்றைக் கலக்குகிறது. ஸ்கீம் தள்ளுபடியை விநியோகஸ்தர் கடைக்குத் தம் கையிலிருந்து கொடுத்துவிட்டுக் கம்பெனிக்கு எழுதுவார். உடைந்தது, நசுங்கியது, காலாவதியானது எல்லாவற்றுக்கும் அப்படியே. எழுதியதுமே அதை வரவாக எண்ணிக்கொள்வது எங்கள் இனத்தின் நோய். நான் மூன்று ஆண்டு அப்படி எண்ணி 11 லட்சம் சேர்த்துவைத்தேன். ஒருநாள் உறை வந்தது. 4 லட்சம் ஒப்புக்கொண்டார்கள், மீதிக்கு ஆதாரம் போதாது என்றார்கள். அந்த ஆண்டு லாபம் முழுவதும் ஒரே உறையில் போயிற்று. முதலாளி என்னைத் திட்டவில்லை. சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பங்குதாரர் என்ற முறையில் கணக்குப் புத்தகங்களைப் புரட்டும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆண்டுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் பெறும் உரிமை உண்டு; பொதுவாகக் கூட்டத்துக்கு 21 நாள் முன்பே தர வேண்டும். கூட்டத்தில் கேள்வி கேட்பதை யாரும் தடுக்க முடியாது. அடுத்த முறை வடை வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: பாக்கியில் தொண்ணூறு நாளைத் தாண்டியது எவ்வளவு, கிளைமில் கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொண்டது எவ்வளவு. ஏமாற்று என்று சொல்ல இந்தத் தாளில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவசரக்காரர் என்று மட்டும் தெரிகிறது.

கேள்வி: 2025 செப்டம்பர் 22இல் பிஸ்கட்டுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதனால் என் ஆண்டு விற்பனை குறைந்து தெரியுமா? பழைய சரக்கு வரி என்ன ஆகும்?
— விநியோகஸ்தர், வேலந்தாவளம்

பதில்: விற்பனை என்று கணக்கில் எழுதுவதில் ஜிஎஸ்டி சேராது. வரி நம் பணம் இல்லை, நம் கல்லாவில் தங்கிப் போகும் விருந்தாளி. எனவே வரி இறங்கியதால் மட்டும் விற்பனை குறையாது. ஆனால் 18இல் வாங்கி 5இல் விற்ற சரக்கின் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரி, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்வது) பேரேட்டில் தேங்கும். ரொக்கமாகத் திரும்பாது, வரும் மாதங்களின் வரியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். குளிர்பானம் 28 வரியும் அதன் மேல் தனியாக விழும் 12 செஸ்ஸும் சேர்ந்து 40 ஆக இருந்தது, இப்போது செஸ் இல்லாமல் நேராக 40. வாங்குபவருக்கு வித்தியாசம் இல்லை. உங்களுக்கு உண்டு. செஸ் வரவைச் செஸ் கட்டத்தான் பயன்படுத்தலாம், ஜிஎஸ்டி கட்ட முடியாது. அன்று கையிருப்பில் இருந்த சோடா, கோலாவுக்கு எவ்வளவு செஸ் வரவு நின்றது என்று பார்த்துத் தணிக்கையாளரிடம் இப்போதே பேசுங்கள். மார்ச்சில் பேசினால் முகம் சுருங்கும்.

கேள்வி: உலகிலேயே பெரிய உணவு விநியோக நிறுவனத்துக்கும் நம் ஊர்போல நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் லாபமா?
— கல்லூரி மாணவர், பாலக்காட்டுச் சித்தூர்

பதில்: அமெரிக்காவின் ஹூஸ்டனில் தலைமையகம் உள்ள சிஸ்கோ (Sysco). அவர்கள் ஆண்டு ஜூன் கடைசியில் முடியும். 2024 ஜூனில் முடிந்த ஆண்டில் விற்பனை ஏறக்குறைய 7,880 கோடி டாலர், நிகர லாபம் 196 கோடி டாலர். நூற்றுக்கு இரண்டரை டாலர்தான். மொத்த லாபம் மட்டும் நூற்றுக்குப் பதினெட்டரை. பெட்டிக்கடைக்கு பிஸ்கட் போடும் வேலை அல்ல அவர்களுடையது. ஓட்டல், மருத்துவமனை, பள்ளிக்கூடச் சமையலறைகளுக்கு இறைச்சி, காய்கறி முதல் தட்டு, குவளை வரை கொண்டுபோய் இறக்குகிறார்கள். சொந்த முத்திரைச் சரக்கும் உண்டு. அவ்வளவையும் லாரியும் குளிர்கிடங்கும் ஆள் கூலியும் தின்று தீர்த்து இரண்டரையில் விடுகின்றன. இன்னொரு விஷயம்: நம் நாட்டில் பெப்சி பானங்களை அடைத்து விற்கும் வருண் பெவரேஜஸ் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஆண்டு வைத்திருக்கிறது. கோடை முழுவதும் ஒரே ஆண்டின் நடுவில் விழுகிறது. நமக்கு மார்ச்சில் ஆண்டு முடிவதால், சரக்கு ஒரு ஆண்டுக் கணக்கில் நிற்கிறது, விற்பனை அடுத்த ஆண்டில் ஏறுகிறது.

கேள்வி: குளிர்பான நிறுவனக் கணக்கில் தண்ணீருக்கு என்ன விலை போடுவார்கள்?
— வாசகர், பெருமாட்டி

பதில்: எங்கிருந்து கேட்கிறீர்கள் என்று பார்த்ததும் எதற்குக் கேட்கிறீர்கள் என்பது புரிந்துவிட்டது. சொந்த ஆழ்துளைக் கிணற்றில் இறைத்த தண்ணீருக்கு பில் வராது. மோட்டார், மின்சாரம், சுத்திகரிப்பு, கட்ட வேண்டிய தீர்வை, இவைதான் செலவில் ஏறும். தண்ணீர் ஏறாது. உங்கள் ஊராட்சியின் பிளாச்சிமடையில் கோக்க கோலா ஆலை 2000இல் தொடங்கி, நிலத்தடி நீருக்காக மக்கள் போராடியதில் 2004 மார்ச்சில் நின்றது. 2010இல் கேரள அரசின் உயர்மட்டக் குழு சேதத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. குடத்தோடு உட்கார்ந்திருந்த பெண்களைக் கடந்துதான் நான் அந்த நாளில் வேலைக்குப் போய்வந்தேன். கைப்பையில் குளிர்பான விற்பனைத் தாள் இருந்தது. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

கேள்வி: இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏன் சொந்தமாக ஒரு ஏஜென்சி எடுக்கவில்லை?
— வாசகர், கோபாலபுரம்

பதில்: எடுத்தேன். சோடா, கண்ணாடி பாட்டில், பதினான்கு மாதம். போன பாட்டிலில் பாதி திரும்பவில்லை, திரும்பியதில் பாதிக்கு வாய் உடைந்திருந்தது. ஆறு மஞ்சள் கிரேட்டுகள் மிஞ்சின. ஐந்தில் என் வீட்டம்மா சின்ன வெங்காயம் காயவைக்கிறார். ஆறாவதில் கோழி அடைகாக்கிறது.