பிளாக்கில் இருக்கும் ‘711எம்’ என்ற எண், இன்ஜினின் வயதைச் சொல்லாது

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். லோட்டஸ் செவன் பாணியிலான கிட் கார் (பாகங்களை வாங்கி நாமே கட்டும் கார்) ஒன்றைக் கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறேன். அதில் பொருத்தியிருப்பது பழைய ஃபோர்டு 1600 கிராஸ்ஃப்ளோ இன்ஜின், இரட்டை வெபர் கார்புரேட்டர்களுடன். பிளாக்கில் 711எம் என்று இருப்பதால் இது 1971 இன்ஜின் என்கிறார் விற்றவர். ஆனால் இன்ஜினில் பொறித்த எண் ‘பி’ (P) என்ற எழுத்தில் தொடங்குகிறது. பி என்றால் 1975–76 என்கிறார்கள் நண்பர்கள். இப்படிக் கட்டிய காரைச் சாலையில் ஓட்ட ஒப்புதல் தரும் ஐவிஏ சோதனையில் புகைப் பரிசோதனையோடு தப்பிக்க 1975 ஆகஸ்டுக்கு முந்தைய இன்ஜின் என்று நிரூபிக்க வேண்டுமாம். எது சரி? எப்படி நிரூபிப்பது? இன்ஜின் முதலில் இருந்த காரின் ஆவணம் எதுவும் என்னிடம் இல்லை.

பதில்: விற்றவர் சொல்வதும் தவறு, நண்பர்கள் சொல்வதும் தவறு. ஆனாலும் உண்மை உங்கள் பக்கமே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் 711எம். அது அச்சில் வார்த்த பாக எண்ணின் முற்பகுதி. தொடர்ந்து 6015 என்று இருக்கும், அது சிலிண்டர் பிளாக்கைக் குறிப்பது. முன்னால் வரும் 71 என்பது அந்த வடிவமைப்பு எந்த ஆண்டினது என்பதைத்தான் சொல்கிறது. அதே 711எம் எண்ணோடு எழுபதுகள் முழுக்க பிளாக்குகள் வார்க்கப்பட்டன. எனவே அந்த இன்ஜின் 1971-க்கு முந்தையது அல்ல என்பதற்கு மட்டுமே அது சாட்சி. உங்களுக்குத் தேவை அதற்கு நேர்மாறான சாட்சி. விற்பனைக்கு வரும் கிராஸ்ஃப்ளோக்களில் பாதி ‘1971 மாடல்’ ஆகிவிடுவதற்கு இந்த எண்தான் காரணம். சோதனை அதிகாரியிடம் இதை நீட்டாதீர்கள்.

அடுத்தது ‘பி’. நண்பர்கள் நம்பர் பிளேட் எழுத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் பதிவெண்ணின் கடைசியில் வந்த பி, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை வரை பதிவான கார்களுக்கு உரியது. ஃபோர்டு தன் தொழிற்சாலையில் பயன்படுத்திய ஆண்டெழுத்து வேறு வரிசை: எல் 1971, எம் 1972, என் 1973, பி 1974, ஆர் 1975. அக்காலத்து பிரிட்டிஷ் ஃபோர்டுகளில் ஆண்டெழுத்து, மாத எழுத்து, பிறகு ஐந்திலக்க வரிசை எண் என்று சேசிஸ் எண்ணின் கடைசிப் பகுதியாக வருவதே பொதுவாக இன்ஜினிலும் பொறிக்கப்பட்டது. உங்கள் எண்ணும் அந்த அமைப்பில் இருந்தால் அது 1974-இல் தயாரான காருக்குப் போன இன்ஜின். 1974 முழுவதுமே எல்லைக்கு இந்தப் பக்கம் என்பதால் மாத எழுத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆர் என்று இருந்திருந்தால் தலைவலி. ஜூலையா, ஆகஸ்டா என்பதில் எல்லாம் மாறியிருக்கும்.

அந்த எழுத்து க்யூவுக்கு முன்னால் வரும் பி-தானா, தேய்ந்துபோன ஆர் அல்லவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஐம்பது ஆண்டு எண்ணெய்ப் படிவுக்குக் கீழே இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டீகிரீசரும் பித்தளைத் தூரிகையும் போதும். அரைக்கும் கருவி எதையும் அந்தப் பரப்பின் அருகே கொண்டுபோக வேண்டாம். மங்கிய எண்ணைத் தெளிவாக்கும் ஆசையில் யாராவது மேலே மறுபடி பொறித்துவிட்டால், எந்தக் கடிதம் கொண்டுவந்தாலும் சந்தேகம் போகாது. எண்ணை நெருக்கத்தில் ஒரு படமும், அது உங்கள் காரில் பொருத்திய இன்ஜின்தான் என்று தெரியும்படி விலகி நின்று ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

இனி நிரூபணம். எண்ணைப் படித்து நீங்களே விளக்கம் சொல்வது நிரூபணம் ஆகாது. உங்கள் இன்ஜினில் இருக்கும் அதே எண்ணைக் குறிப்பிட்டு, அது எப்போது தயாரானது என்று தகுதியுள்ள வேறொருவர் எழுத்தில் சொல்ல வேண்டும். தயாரிப்பாளரின் கடிதம் முதல் தரம். அது கிடைக்காவிட்டால் எஸ்கார்ட், கார்ட்டினா, கேப்ரி போன்ற கார்களுக்கான உரிமையாளர் சங்கங்களை அணுகுங்கள். ஆண்டு, மாத எழுத்துகளில் ஊறிய ஒருவர் அங்கே அநேகமாக இருப்பார். லெட்டர்ஹெட்டில், முழு இன்ஜின் எண், இன்ஜின் வகை, தயாரிப்புத் தேதி, அந்த முடிவுக்கு எப்படி வந்தார், பெயர், கையொப்பம், நாள் எல்லாம் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ‘இது எழுபதுகளின் தொடக்கத்து இன்ஜினாகத் தெரிகிறது’ என்று ஒரு வரியில் வரும் கடிதம் எதற்கும் உதவாது. பிளாக்கில் பாக எண்ணோடு சேராமல், வார்த்த நாளைக் குறிக்கும் சிறு குறி தனியாக இருக்கும். அதன் படத்தையும் கடிதம் எழுதுபவருக்கு அனுப்பினால் அவருடைய கை வலுப்படும்.

பழைய காரின் ஆவணம் இல்லை என்கிறீர்கள். விற்றவரிடம் பதிவெண்ணாவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வி888 படிவத்தில் காரணம் சொல்லி, ஸ்வான்சீயில் உள்ள வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏ-விடம் அந்த வண்டியின் விவரங்களைக் கோரலாம். வி5சி பதிவுச் சான்றில் இன்ஜின் எண்ணும் முதல் பதிவு நாளும் இரண்டுமே இருக்கும் என்பதால் அது நல்ல ஆதாரம். எண் உங்களுடையதோடு பொருந்தி, கார் 1974-இல் பதிவாகியிருந்தால், இன்ஜின் அதற்கு முன்பே இருந்தது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் இடையில் இன்ஜினை மாற்றி, எண்ணையும் திருத்திப் பதிந்திருந்தால் அந்தத் தேதி பழைய இன்ஜினுக்கு உரியது. இதை அதிகாரிகளும் அறிவார்கள். அதனால் வி5சி கிடைத்தாலும் சங்கக் கடிதத்தைக் கைவிடாதீர்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது வீணா என்று தோன்றலாம். ஆதாரம் இல்லையென்றால் அதிகாரி உங்கள் இன்ஜினை அடுத்த ஆண்டுப் பிரிவில் வைப்பதில்லை, நேராக இன்றைய இன்ஜினுக்கான அளவுகோலில் சோதிப்பார். 1975 ஆகஸ்ட் 1-க்கு முந்தைய பெட்ரோல் இன்ஜினுக்குக் கண்ணால் பார்க்கும் புகைப் பரிசோதனை மட்டும். அன்றுமுதல் 1986 ஜூலை வரையிலானதற்கு ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலையில்) கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 1200 பிபிஎம்-க்குள் (பத்து லட்சத்தில் 1200 பங்கு) இருக்க வேண்டும். 1986 ஆகஸ்டிலிருந்து கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம். 1992-க்கும் 1995-க்கும் இடைப்பட்டவை மாடலைப் பொறுத்தவை. 1995 ஆகஸ்டுக்குப் பிந்தையவற்றுக்குக் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் கருவி) பொருத்திய கார்களுக்கான அளவுகள், அதாவது கார்பன் மோனாக்சைடு ஒரு சதவீதத்தின் சிறு பின்னம். கேட்டலிஸ்ட் இல்லாத வெபர் கிராஸ்ஃப்ளோ அந்தக் கதவில் நுழையவே முடியாது. (எல்லைத் தேதிகள் எல்லாம் ஆகஸ்ட் 1 ஆக இருப்பதைக் கவனித்தீர்களா? நம்பர் பிளேட் எழுத்து அந்நாளில் மாறியதும் அதே தேதியில்தான். உங்கள் நண்பர்கள் குழம்பியதில் வியப்பில்லை.)

என் யோசனை: 1974 என்று நிரூபிக்க முயலுங்கள், ஆனால் 4.5 சதவீதத்தில் தேறும்படி இன்ஜினைச் சீர்செய்துவிட்டே சோதனைக்குப் போங்கள். அதிகாரி கடிதத்தை முழுமையாக ஏற்காமல், ‘1986-க்கு முந்தையது என்பது வரை ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொன்னாலும் அன்றைக்கே தேறிவிடலாம். இரண்டு கார்புரேட்டர்களையும் சமன்செய்து, ஐடில் கலவைத் திருகுகளைச் சற்றே மெலிந்த பக்கம் வைத்தால் கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காமல் முரண்டுபிடிப்பது ஹைட்ரோகார்பன்தான். ஓவர்லாப் (இரு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவெளி) அதிகமுள்ள பந்தய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் எரியாத பெட்ரோல் நேராக வெளியேறும். அப்போது இக்னிஷன் டைமிங், பிளக், ஐடில் ஜெட் மூன்றையும் ரோலிங் ரோடு (உருளைகள்மேல் காரை ஓட்டிச் சோதிக்கும் கருவி) தெரிந்த ஒருவரிடம் காட்டுவது காசுக்குத் தகும்.

புகைப் பரிசோதனை என்பதால் அலட்சியமும் வேண்டாம். இன்ஜினைச் சுமார் 2500 சுற்றில் 20 விநாடி ஓட்டிவிட்டு ஐடிலுக்கு விடுவார்கள். அடர்ந்த நீலப் புகையோ தெளிவான கறுப்புப் புகையோ தொடர்ந்து வந்தால் தோல்வி. பழைய கிராஸ்ஃப்ளோவில் வால்வு கைடு தேய்ந்திருந்தால் அந்த நீலம் வரும். வயதை நிரூபித்துவிட்டு அதில் மாட்டிக்கொள்வது மகா கொடுமை.

கடிதத்தின் நகலை ஐவிஏ விண்ணப்பத்தோடேயே, சோதனையை நடத்தும் டிவிஎஸ்ஏ-வுக்கு அனுப்புங்கள். சோதனை நாளன்று முதன்முறையாகப் பையிலிருந்து எடுக்காதீர்கள். மூலத்தை அன்று கையோடு கொண்டுபோங்கள். தேறிய பிறகும் அதைத் தூக்கிப்போட வேண்டாம். வண்டி ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்தர எம்ஓடி சோதனையிலும் எந்த அளவுகோல் என்ற கேள்வி எழலாம். காரைக் கட்டியவர் நீங்கள் என்று அறியாத ஒரு மெக்கானிக்கிடம் அந்தக் கடிதம்தான் பேசும்.