தோள்மூட்டு மாற்றிய பிறகு தசைகள் படுத்தும் பாடு: கேள்வி பதில்

பல வருடங்களாக ஃபிசியோதெரபி செய்கிறேன், அதிலும் பெரும்பாலும் தோள்பட்டைதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அம்மாவுக்கு 71 வயது. மூட்டு மாற்றி எட்டு வாரம் ஆகிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதாம், ஆனால் கையைத் தூக்க முடியவில்லை. ஏன்?

எக்ஸ்ரேயில் உலோகமும் எலும்பும்தான் தெரியும், தசை தெரியாது. முதலில் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். போட்டது வழக்கமான மூட்டா, ரிவர்ஸ் மூட்டா? இது தெரியாமல் யார் சொல்லும் பயிற்சியையும் செய்யாதீர்கள்.

வழக்கமான மூட்டில் பந்து மேற்கை எலும்பின் தலையில் இருக்கும். அதைக் குழிக்குள் பிடித்து வைப்பது ரொட்டேட்டர் கஃப் என்கிற நான்கு தசைகள். அவை கிழிந்து போனவர்களுக்காக, பிரான்ஸின் திஜோன் நகரில் பால் கிராமோன் என்ற மருத்துவர் 1985-ல் பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைத்தார். அதுதான் இன்றைய ரிவர்ஸ் மூட்டுக்கு அடிப்படை. அதில் கையைத் தூக்கும் வேலை பெரும்பாலும், தோளை வெளியிலிருந்து மூடியிருக்கும் டெல்டாய்டு தசையின் மேல் விழுகிறது. அம்மாவுக்குப் போட்டது ரிவர்ஸ் என்றால், எட்டு வாரத்தில் அந்தத் தசை புது வேலையை இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கும். மாதா மாதம் கொஞ்சமாவது முன்னேற்றம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாவுக்கு வழக்கமான மூட்டு. ஐந்தாம் வாரம் நாற்காலியில் கையை ஊன்றி எழுந்தபோது 'டப்' என்று சத்தம். அதிலிருந்து அந்தக் கையால் சட்டையை உள்ளே விட முடியவில்லை.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். மூட்டுக்குள் போக, முன்பக்கம் இருக்கும் சப்ஸ்கேப்புலாரிஸ் தசைநாரைப் பிரித்துவிட்டுத்தான் போவார்கள், முடிந்ததும் திரும்பத் தைப்பார்கள். முதல் ஆறு வாரம் கையை ஊன்றாதே, வெளிப்பக்கம் அதிகம் திருப்பாதே என்று நாங்கள் கத்துவது அந்தத் தையலுக்காகத்தான். உள்ளங்கையால் வயிற்றை அழுத்தும்போது மணிக்கட்டு மடங்கி, முழங்கை பின்னால் போனால் அந்தத் தசைநார் மேல் சந்தேகம் வரும். ஆனால் வீட்டில் அழுத்திப் பார்க்காதீர்கள், அறுவை செய்தவரே பார்க்கட்டும். எம்ஆர்ஐ படத்தை உலோகம் கெடுத்துவிடும் என்பதால் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் திரும்பத் தைக்க வாய்ப்புண்டு. நாள் போனால் தசை சுருங்கி, கொழுப்பு படிந்துவிடும். அப்புறம் ரிவர்ஸ் மூட்டுக்கு மாற்ற வேண்டி வரலாம். அறுந்த தசைநாரைப் பயிற்சி ஒட்ட வைக்காது.

தோளின் வெளிப்பக்கம் மரத்துப் போயிருக்கிறது, தசை இறுகவே மாட்டேன் என்கிறது.

டெல்டாய்டுக்குப் போகும் ஆக்ஸிலரி நரம்பு இழுபட்டிருக்கலாம். இழுபட்டதோடு நின்றிருந்தால் பெரும்பாலும் தானே தேறும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். நரம்பு வளர்வதே நாளுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். மூன்று, நான்கு வாரம் கழித்து ஈஎம்ஜி (தசை, நரம்பின் மின் இயக்கத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தால் நிலைமை தெரியும். அதுவரை மூட்டு இறுகாமல் இருக்க, அடுத்தவர் துணையோடு கையை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ரிவர்ஸ் மூட்டு போட்டு நான்கு மாதம். நன்றாக இருந்தது, திடீரென்று தோளின் உச்சியில் வலி. தசைப்பிடிப்பா?

தசைப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவி, வலியைக் கூட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டெல்டாய்டு ஓயாமல் இழுப்பதால், அது ஒட்டியிருக்கும் தோள் உச்சி எலும்பில் கீறல் விழலாம். எலும்பு அடர்த்தி குறைந்த (ஆஸ்டியோபோரோசிஸ்) பெண்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம், சிடி ஸ்கேனில் பெரும்பாலும் பிடிபடும். டாக்டர் பார்க்கும்வரை பயிற்சியை நிறுத்துங்கள்.

மேற்கையில் உருண்டை மாதிரி புடைத்திருக்கிறது.

பைசெப்ஸின் நீண்ட தசைநாரை அறுவையின்போதே வெட்டிவிடுவது உண்டு. பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும், பலம் பெரிதாகக் குறையாது. அப்படி வெட்டினார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ரிவர்ஸ் மூட்டு. ரவிக்கையின் பின்பக்க ஊக்கை எப்போது போடலாம்?

கையைப் பின்னால் கொண்டுபோய் உள்பக்கம் திருப்புவதுதான் இந்த மூட்டு நழுவும் நிலை. முதல் மூன்று மாதம் வேண்டவே வேண்டாம். அதன் பிறகும் சிலருக்குக் கை அவ்வளவு தூரம் போகாது. முன்பக்கம் ஊக்கு வைத்து நாலு ரவிக்கை இப்போதே தைத்துக்கொள்ளுங்கள்.