மறுமொழி: அம்மாவுடன் டிசம்பரில் சிங்கராஜா போகலாமா?

சகோதரி, முழங்கால் நோவுள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு கல்லடியிலிருந்து டிசம்பரில் இலங்கையின் தென்மேற்கிலுள்ள சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போகலாமா, அங்கே இரத்தம் குடிக்கும் அட்டைக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

டிசம்பர் வேண்டாம். நமக்கு அடைமழைக் காலம், அங்கும் ஈரம் விட்டிருக்காது. பெப்ரவரியில் போங்கள். காட்டுக்குள் நுழையக் குடாவ வாசலைத் தெரிவு செய்யுங்கள். முன்பு மரம் ஏற்றிய பாதை என்பதால் அகலமானது, அம்மா மெதுவாக நடந்துவிடுவார். மற்றொரு வாசலான பிட்டதெனிய பக்கம் அருவிகள் அழகுதான், ஆனால் பாசி படிந்த கல்லில் அந்த முழங்காலை நம்பாதீர்கள்.

அட்டை இலை நுனியில் நூல் துண்டு போல எழுந்து நின்று, தலையை ஆட்டி ஆட்டி உங்களைத் தேடும். காற்சட்டையை நீளக் காலுறைக்குள் செருகி, மேலே சவர்க்காரம் பூசுங்கள். கடித்தால் பிடித்து இழுக்க வேண்டாம். வாயோரமாக நகத்தால் தள்ளுங்கள், விட்டுவிடும். அம்மா இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால், முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.