பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பேரன்

கேள்வி: என் பேரனுக்கு மூன்று வயது பத்து மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை; ஆனால் அடுப்படியில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் ஓடி வந்துவிடுகிறான். தாகம் எடுத்தால் என்னிடம் வந்து, "தண்ணி வேணுமா?" என்று என்னையே கேட்கிறான். நாள் முழுவதும் ரப்பர் கொட்டைகளை வரிசையாக அடுக்குகிறான். ஒன்றை யாராவது நகர்த்தினால் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுகிறான். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உருமி மேளம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். சாமி வந்திருக்கிறது என்று சிலரும், காத்துக் கருப்பு என்று சிலரும் சொன்னதால் மந்திரித்துக் கயிறு கட்டினோம். அவன் தாத்தாவும் ஐந்து வயதில்தான் பேசினாராம். மருமகள் அவனைச் சுமந்தபோது தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தாள். அதனால்தான் இப்படி ஆயிற்று என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இப்போது அவள் மறுபடியும் ஐந்து மாதம். ஈப்போவில் பார்த்த மருத்துவர் இது ஆட்டிசம் என்கிறார். இது என்ன நோய்? மருந்தில் குணமாகுமா? ஒரு வயதில் போட்ட ஊசியால் வந்ததா? வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டும் என்கிறார்களே, அது சரியா?
— ஒரு பாட்டி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அன்புள்ள அம்மா, நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முன்பாக, கேட்காமல் எழுதிச் சென்ற ஒன்றுக்குப் பதில் சொல்கிறேன். உங்கள் மருமகள் இரவு வேலை பார்த்ததால் உங்கள் பேரனுக்கு ஆட்டிசம் வரவில்லை. அவர் உண்டது, உண்ணாதது, அழுதது, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியது, கொஞ்சாதது எதுவும் இதற்குக் காரணமில்லை. இந்தப் பழியை முதலில் தாய்மார்கள் மேல் போட்டவர்கள் படித்த மருத்துவர்கள்தான் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1943இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைக் கவனித்து இந்த நிலையை விரிவாக எழுதினார். அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கும் மேலாக, பாசமில்லாத தாயிடம் வளர்வதால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்ற கருத்து மருத்துவ உலகில் பரவிக் கிடந்தது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு தனித்தனிக் கருவிலிருந்து வளர்ந்த இரட்டையரைவிட மிக அதிகம் என்று காட்டினார்கள். பிறப்புக்கு முன்பே, பெரும்பாலும் மரபணுக்கள் வழியாக, இதற்கான அடித்தளம் அமைந்துவிடுகிறது என்பதை அதற்குப்பின் வந்த ஆய்வுகளும் உறுதி செய்திருக்கின்றன. மரபணு என்றதும் எந்தப் பக்கத்து வழி என்று தேட வேண்டாம். பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து நிகழ்த்துவது இது. தாத்தா தாமதமாகப் பேசியதை வைத்து எதையும் முடிவு செய்யவும் முடியாது.

ஆட்டிசம் என்பது வெளியிலிருந்து உடலுக்குள் புகுந்த நோயன்று. கருவிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சி இக்குழந்தைகளிடம் வேறு விதமாக நடக்கிறது. அதனால்தான் இதை வளர்ச்சி சார்ந்த நிலை என்கிறோம். புகுந்த ஒன்று இருந்தால் அல்லவா அதை மருந்து கொடுத்தோ மந்திரித்தோ வெளியேற்ற முடியும்? தமிழில் இதை மன இறுக்கம் என்றும் மதியிறுக்கம் என்றும் எழுதுகிறார்கள். மனத்தை யாரோ பூட்டி வைத்திருப்பதுபோல் நினைக்கச் செய்வதால் அச்சொற்களை நான் பயன்படுத்துவதில்லை. உங்கள் பேரனின் மனம் இறுகிப் போகவில்லை. அவன் செய்வதாக நீங்கள் எழுதிய ஒவ்வொன்றிலும் அது தெரிகிறது.

பொட்டலச் சத்தத்துக்கு ஓடி வருபவன் பெயருக்குத் திரும்பாதது பிடிவாதமன்று. மனிதக் குரலையும் முகத்தையும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கொள்ளும் பழக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே வந்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அது தானாக வருவதில்லை. ஆகவே தூரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிடாமல், அருகே சென்று, அவன் உயரத்துக்குக் குனிந்து, ஒருமுறை பெயரைச் சொல்லி, அவன் திரும்பியதும் அவனுக்குப் பிடித்த ஒன்றைக் கொடுங்கள். இருந்தாலும், சில ஒலிகள் கேட்டுச் சில ஒலிகள் கேட்காத செவிக்குறைபாடும் உண்டு என்பதால், இதுவரை காது பரிசோதனை செய்யாவிட்டால் அதை முதலில் செய்துவிட வேண்டும்.

"தண்ணி வேணுமா?" என்று அவன் கேட்பதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நீங்கள் அவனுக்குத் தண்ணீர் தரும்போதெல்லாம் சொன்ன வாக்கியத்தை அவன் முழுதாக மனத்தில் பதித்து, அதைச் சொன்னால் தண்ணீர் வரும் என்று சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறான். யார் சொன்னால் அச்சொல் எப்படி மாற வேண்டும் என்பதுதான் அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. "அப்படிக் கேட்காதே" என்று திருத்த வேண்டாம். அவன் தாகத்தோடு வரும்போது அவன் சொல்ல வேண்டியதை நீங்களே, "தண்ணி வேணும்" என்று சொல்லி, உடனே குவளையைக் கையில் கொடுங்கள். ஒரு நாளில் பத்து முறை இப்படி நடந்தால், அது பத்துப் பேச்சுப் பயிற்சிகளுக்குச் சமம்.

உருமியைப் பற்றி: வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த ஓசை நமக்குப் பக்தியைக் கிளப்புகிறது; ஒலியைப் பலமடங்காக உணரும் குழந்தைக்கோ அது உடம்பில் விழும் அடியைப் போன்றது. அவனிடம் சாமியும் வரவில்லை, பேயும் வரவில்லை. அவனுக்கு வலித்தது, அதைச் சொல்லச் சொல் இல்லாததால் அலறினான். திருவிழாவுக்கு அவனை அழைத்துச் செல்லவே கூடாது என்பதில்லை. மேளம் தொடங்குமுன் சாமி கும்பிட்டுவிடலாம், காதை மூடும் கவசம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம், அவன் போகலாம் என்று காட்டும்போது யாராவது ஒருவர் உடனே அவனோடு வெளியே வந்துவிடலாம். கட்டிய கயிறு உங்கள் நம்பிக்கை, அதை நான் அவிழ்க்கச் சொல்லவில்லை. ஆனால் பேயோட்டுவதாகச் சொல்லிப் புகை போடுவதையோ அடிப்பதையோ எவருக்கும் அனுமதிக்காதீர்கள்.

கொட்டைகளை அடுக்குவது அவனுக்கு அமைதி தருகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரியாத உலகில், அந்த வரிசை ஒன்றுதான் அவன் நினைத்தபடியே நிற்கிறது. அருகில் அமர்ந்து நீங்களும் ஒரு கொட்டையை அவன் வரிசையின் முனையில் வையுங்கள். அவன் ஏற்றுக்கொண்டால் அதுவே கூட்டு விளையாட்டின் தொடக்கம். வரிசையை எடுக்க வேண்டிய நேரத்தில் முன்கூட்டியே சொல்லி, குளியலுக்கோ சாப்பாட்டுக்கோ உரிய படத்தைக் காட்டி, பிறகு எடுங்கள். தலையை முட்டினால் உங்கள் கையையோ தலையணையையோ இடையில் கொடுத்துவிட்டு, எதற்காக அப்படிச் செய்தான் என்பதைக் குறித்து வையுங்கள். பச்சை ரப்பர் கொட்டையில் நஞ்சு உண்டு. அவன் அதை வாயில் வைக்கும் பழக்கமுள்ளவனானால், அளவில் அதை ஒத்த வேறு பொருளுக்கு மெல்ல மாற்றிவிடுவது நல்லது.

தமிழை நிறுத்தச் சொன்னவரின் பேச்சைக் கேட்காதீர்கள். இரண்டு மூன்று மொழிகள் புழங்கும் வீட்டில் வளர்வதால் ஆட்டிசம் வருவதுமில்லை, கூடுவதுமில்லை. இரு மொழிகளில் வளரும் ஆட்டிசக் குழந்தைகள் ஒரே மொழியில் வளர்பவர்களைவிடப் பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பயிற்சி மையத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ கற்றுக் கொடுப்பார்கள் என்பதற்காக, உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் நான்கு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அவனோடு பழகினால், கொஞ்சலும் தாலாட்டும் கோபமும் வராத ஒரு பேச்சைத்தான் அவன் நாளெல்லாம் கேட்பான். பேச்சு குறைவாக உள்ள குழந்தைக்கு வேண்டியது இயல்பாகப் பேசும் மனிதர்கள்.

தடுப்பூசி பற்றிய அச்சம் 1998இல் இங்கிலாந்தில் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அக்கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010இல் விலக்கிக்கொண்டது. 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று கண்டார்கள். ஒரு வயதை ஒட்டிய காலத்தில்தான் ஆட்டிசத்தின் அறிகுறிகளும் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன. இரண்டும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றால் மற்றது வந்ததாகத் தோன்றுகிறது. பிறக்கப் போகும் குழந்தைக்கு எல்லா ஊசிகளையும் உரிய காலத்தில் போடுங்கள்.

ஆட்டிசத்தையே நீக்கும் மருந்து இல்லை. தூக்கமின்மை, வலிப்பு, கட்டுக்கடங்காத ஆவேசம் போன்றவை உடன் இருந்தால் அவற்றுக்கு மருந்து உண்டு. அதைக் குழந்தை மருத்துவர் முடிவு செய்வார். இரத்தத்தில் உள்ள உலோகத்தை நீக்குகிறோம் என்று ஊசி ஏற்றுபவர்களிடமும், விலையுயர்ந்த சத்துமாவு விற்பவர்களிடமும் சேமிப்பைக் கொடுக்காதீர்கள். அத்தகைய உலோக நீக்க ஊசியால் 2005இல் அமெரிக்காவில் ஒரு சிறுவன் இறந்தே போனான். பலன் தருவது பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களைப் பழக்கும் பயிற்சி, அவற்றை வீட்டில் நீங்கள் தொடர்வது ஆகியவைதான். அவை அவனை வேறொரு குழந்தையாக மாற்றிவிடா. தனக்கு வேண்டியதைச் சொல்லவும், தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளவும் உதவும். எவ்வளவு தூரம் வருவான் என்பதை இந்த வயதில் எவராலும் கணித்துச் சொல்ல இயலாது.

நான் புதிதாக மருத்துவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில், "ஆண் பிள்ளைதானே, ஐந்து வயதுவரை பாருங்கள்" என்று பெற்றோரை அனுப்பி வைத்திருக்கிறேன். அது பிழை, அந்தக் குழந்தைகள் இழந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆகவே பயிற்சி மையத்தில் உங்கள் முறை வரும்வரை காத்திருக்காமல், மேலே சொன்னவற்றை இன்றே தொடங்குங்கள். மருத்துவரிடம் படிவத்தை நிரப்பி வாங்கி, சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைக்குப் பதியுங்கள். கற்றல் சிக்கல் என்ற பிரிவில் ஆட்டிசம் சேரும். அட்டை வாங்கினால் பிள்ளைக்குப் பெயர் கெட்டுவிடும் என்று தோட்டங்களில் பலர் ஒளிக்கிறார்கள். ஒளிப்பதால் இழப்பது அவனுக்கு உரிமையான உதவிகளைத்தான். அக்கம்பக்கத்தில் இலாகாவின் சமூக மறுவாழ்வு மையம் இருக்கிறதா என்றும், ஏழு வயதில் சேர்க்கச் சிறப்புக் கல்வி வகுப்புள்ள பள்ளி எது என்றும் இப்போதே விசாரியுங்கள். சில தமிழ்ப்பள்ளிகளிலும் அவ்வகுப்பு உண்டு.

அடுத்த குழந்தையைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். அண்ணனுக்கு ஆட்டிசம் இருந்தால் தம்பி தங்கைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. வராமல் இருக்கும் வாய்ப்பே மிக அதிகம். ஒரு வயதில் சுட்டிக் காட்டுகிறதா, கையசைக்கிறதா, பெயருக்குத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். 18 மாதத்தில் அரசு கிளினிக்கில் கேட்கும் ஆட்டிசக் கேள்வித்தாளைத் தவறவிடாதீர்கள்.

அடுத்த முறை ஈப்போவுக்குச் செல்லுமுன், அவன் கொட்டை அடுக்குவதையும் தண்ணீர் கேட்பதையும் கைப்பேசியில் படம் பிடித்துக் கொள்ளுங்கள். புதிய அறையில் அவன் எதையும் செய்து காட்ட மாட்டான். அந்த இரண்டு நிமிடக் காட்சி மருத்துவருக்குப் பெரிதும் உதவும். மருமகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன்பே, முடிந்தால் இன்றிரவே, நீங்கள் சொன்னது தவறு என்பதை அவரிடம் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள், அம்மா.